கவ்பாய்ஸ் சரிஞ்சதுக்கு யார் காரணம்? ஓனரா, கோச்சுகளா?

ஃபிரிஸ்கோ புதுவரவு:
வேலை மாறி டாலஸ் பக்கத்துல ஃபிரிஸ்கோ வந்திருக்கேன். ஆபீஸ்ல திங்கட்கிழமைன்னா டாலஸ் கவ்பாய்ஸ்ங்கிற அமெரிக்க ஃபுட்பால் டீம் பேச்சுதான், அதோட ஓனர் ஜெர்ரி ஜோன்ஸுக்குத் திட்டுதான். நாலு சீசன்ல மூணு சூப்பர் பௌல் (லீக்கோட கடைசி ஃபைனல்) ஜெயிச்ச டீம், 1996 ஜனவரிக்கு அப்புறம் அதுக்கு முந்தின கட்டமான என்எஃப்சி ஃபைனலுக்குக்கூட வரலைங்கிறாங்க. காசுக்கும் கூட்டத்துக்கும் குறைவே இல்லாத டீம் இது. ஒரு ஓனர் தலையிட்டா இவ்வளவு வருஷம் கெட்டுப்போகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய டாலஸ்வாசி:
கெடும் தம்பி. டீமோட குவாட்டர்பேக்கா (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) ஐக்மேன் ஆடின காலத்துலேர்ந்து பார்க்கிறவன் சொல்றேன்.

1989ல டீமை வாங்கின கையோட, 29 சீசன் கோச்சா இருந்த டாம் லாண்ட்ரியை ஜோன்ஸ் வீட்டுக்கு அனுப்பினார். ஊரே கொதிச்சுது. ஆனா அவர் கூட்டிவந்த ஜிம்மி ஜான்சன் சாதாரண ஆள் இல்ல. முதல் சீசன்ல ஒரே வெற்றி, 15 தோல்வி. அந்த சீசன் நடுவுலயே டீமோட பெரிய நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா டீமுக்குக் கொடுத்து டிராஃப்ட் வாய்ப்புகளா (காலேஜ் வீரர்களை முறை வெச்சு எடுக்கிற உரிமை) வாங்கிக் குவிச்சாங்க. எம்மிட் ஸ்மித்தும் டேரன் வுட்சனும் அப்படி வந்தவங்கதான். 1992, 1993 ரெண்டு சீசன்லயும் பஃபலோ டீமை அடிச்சு சூப்பர் பௌல்.

அதுக்கப்புறம் ஜெயிச்ச பேர் ஓனருக்கா, கோச்சுக்காங்கிற சண்டை. 1994 மார்ச்ல ஆர்லாண்டோவுல ஓனர்கள் கூடின இடத்துல, இந்த டீமை வெச்சு 500 கோச்சுகள்ல எவர் வேணா ஜெயிச்சிருப்பார்னு ஜோன்ஸ் பேசினார். சில நாள்ல ஜான்சன் போயிட்டார்.

அடுத்து வந்த பேரி ஸ்விட்சர் 1995 சீசன்ல கோப்பை வாங்கினாரேன்னு கேப்பாங்க. எனக்கு மனசுல தைக்கிறதே அந்தக் கோப்பைதான். ஜான்சன் கட்டின டீம் ஜெயிச்சுக் கொடுத்ததை, தன் பேச்சு சரிங்கிறதுக்கு அத்தாட்சியா ஜோன்ஸ் எடுத்துக்கிட்டார். அன்னைக்குத் தோத்திருந்தா பின்னாடி இவ்வளவு இழப்பு இருந்திருக்காது. 2000ல ஜோயி காலவேங்கிற வீரருக்காக ரெண்டு முதல் ரவுண்டு டிராஃப்ட் வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்தார். அந்த ஆள் முதல் மேட்சுலயே முழங்கால் போய் உட்கார்ந்துட்டார். டேவ் காம்போ கோச்சா இருந்த மூணு வருஷத்துல ஒவ்வொரு வருஷமும் 5 வெற்றி, 11 தோல்வி.

பிளேனோ ரசிகை:
அண்ணா, எல்லாத்தையும் ஓனர் தலையில போடுறது நியாயமா? 1994லதான் சாலரி கேப் (ஒரு டீம் வீரர்களுக்குக் கொடுக்கிற மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு) வந்துச்சு. பழையபடி எல்லாரையும் கைக்குள்ள வெச்சுக்க முடியல. 1999ல பிலடெல்பியாவுல விழுந்த அடியோட நட்சத்திர வீரர் மைக்கேல் இர்வின் ஆட்டம் முடிஞ்சுது. தலையில அடிமேல அடி வாங்கி ஐக்மேனும் நின்னுட்டார். கோச் ஜேசன் கேரட்டை ஜோன்ஸ் 2019 வரைக்கும் வெச்சிருந்தாரே, அது பொறுமை இல்லையா? நட்சத்திர வீரர் டியான் சாண்டர்ஸைக் கூட்டிவந்ததும் அவர்தானே?

பழைய டாலஸ்வாசி:
சாண்டர்ஸ் விஷயத்துல நீ சொல்றது சரிம்மா. காயங்களும் உண்மை. ஆனா சாலரி கேப் எல்லாருக்கும் ஒண்ணுதானே. பேட்ரியட்ஸ் டீமைப் பாரு. 1996 டிராஃப்ட்ல கோச் பில் பார்செல்ஸ் விருப்பத்துக்கு மாறா ஒரு வீரரை எடுத்ததுல ஓனர் ராபர்ட் கிராஃப்ட்டோட முட்டிக்கிட்டு, பார்செல்ஸ் வெளியேறினார். 2000ல பெலிச்சிக் கோச்சா வந்தப்போ ஆள் எடுக்கிற பொறுப்பையும் கிராஃப்ட் அவர்கிட்டயே விட்டார். ஆறு சூப்பர் பௌல் வந்துச்சு.

அதே பார்செல்ஸ் 2003ல இங்க கோச்சா வந்தார். முதல் வருஷமே பிளேஆஃப். ரோமோ, விட்டன், வேர் மாதிரி பெரிய வீரர்கள் எல்லாம் அவர் காலத்துல வந்தவங்க. 2006ல டெரல் ஓவன்ஸ்ங்கிற வீரரை ஜோன்ஸ் கூட்டிவந்தார். அந்த சீசனோட பார்செல்ஸ் கிளம்பிட்டார்.

கேரட் நெடுநாள் இருந்தார், சரி. ஆனா வீரர்களை எடுக்கிற ஜெனரல் மேனேஜர் நாற்காலி எப்பவுமே ஜோன்ஸ்கிட்டதான். வீரனோட சம்பளத்தையும் அவனோட இடத்தையும் முடிவு பண்றவர் மேல இருந்தா, கோச் கண்டிப்புக்கு என்ன மதிப்பு?

ஃபிரிஸ்கோ புதுவரவு:
இப்ப இருக்கிற கோச் ஷாட்டன்ஹைமருக்காவது வாய்ப்பு இருக்கா அண்ணா?

பழைய டாலஸ்வாசி:
மனுஷன் நல்லா வரணும்னுதான் ஆசை. ஆனா 2025ல அவர் தலைமைக் கோச்சா முதல் மேட்ச் ஆட ஒரு வாரம் இருக்கிறப்போ, டிஃபன்ஸோட உயிர்நாடி மைக்கா பார்சன்ஸ் கிரீன் பே டீமுக்குப் போயிட்டார். அவரோட சம்பளப் பேச்சை ஏஜென்ட்டை விட்டுட்டு அவர்கிட்டயே நேரா பேசினது ஜோன்ஸ்.