டைப் 2 சுகருக்கு புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் வாங்கலாமா, தயிரே போதுமா?

தென்காசிச்சாரல் (கேள்வி):
அம்மாவுக்கு 58 வயசு, டைப் 2 சுகர். மெட்ஃபார்மின் 500 காலை இரவு, கிளிமிபிரைடு 1, சாப்பாட்டோட வோக்லிபோஸ் 0.2. கடைசி எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் கணக்கு) 7.9. "குடல் பாக்டீரியா சரியானா சுகர் தானா இறங்கும்"னு மருந்துக் கடையில ஒரு புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் காட்டுறாங்க. மாசம் ஆயிரத்துக்கு மேல ஆகும். டப்பாவுல "லாக்டோபேசில்லஸ் 500 கோடி"ன்னு மட்டும்தான் போட்டிருக்கு. நிஜமா இறங்குமா? வீட்டுத் தயிரும் பழைய சோறும் போதாதா?

மாத்திரைப்பட்டை:
இறங்கும், ஆனா கொஞ்சம்தான். புரோபயாட்டிக் பத்தி வந்த பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தாலும் எச்பிஏ1சி குறைவது பெரும்பாலும் 0.5-க்குள் அடங்கிவிடும். 7.9-ஐ 7-க்குக் கீழே கொண்டுவர அது காணாது.

டப்பாவில் வெறும் "லாக்டோபேசில்லஸ்" என்று இருந்தால் வாங்காதீர்கள். அது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். பலன் ஸ்ட்ரெய்னுக்கு ஸ்ட்ரெய்ன் (ஒரே இனத்துக்குள் இருக்கும் தனி வகை) மாறும். "ராம்னோசஸ் ஜிஜி" மாதிரி முழுப்பெயர் இருக்கணும். அடுத்து, அந்த 500 கோடி தயாரிக்கும்போது இருந்த கணக்கா, காலாவதித் தேதி வரைக்கும் உத்தரவாதமா என்று பாருங்கள். குளிரில் வைக்கவேண்டிய சரக்கை வெயில் படும் அலமாரியில் வைத்திருந்தால் உள்ளே உயிரோடு எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுகருக்கென்றே சோதித்த கலவை ஒன்று உண்டு. ஆக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா உட்பட ஐந்து ஸ்ட்ரெய்ன், 76 பேர், 12 வாரம், 2020-இல் வெளியான ஆய்வு. சாப்பிட்ட பின் ஏறும் சுகர் குறைந்தது. எச்பிஏ1சி 0.6 குறைந்தும், அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நூலிழை போதவில்லை. ஆக்கர்மான்சியா ஆக்ஸிஜன் ஆகாத ஜாதி; உங்களுக்குக் காட்டிய சாதாரண லாக்டோபேசில்லஸ் கேப்ஸ்யூலில் அது இல்லை.

கொத்தவரங்காய்:
கேப்ஸ்யூலை விட்டுத்தள்ளுங்கள். உள்ளே ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி போகிறதா என்பதுதான் கேள்வி. நமக்குச் செரிக்காத நார் பெருங்குடலுக்குப் போனால் அவை அதைப் புளிக்கவைத்து அசிடேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். அவை குடல் சுவரில் இருக்கும் எல்-செல்களைத் தூண்டி ஜிஎல்பி-1 (இன்சுலின் சுரக்க உதவும் ஹார்மோன்) சுரக்க வைக்கும். 2012-இல் சீனாவிலும் 2013-இல் சுவீடனிலும் நடந்த ஆய்வுகளில், டைப் 2 உள்ளவர்களிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் ரோஸ்பூரியா வகை குறைவாக இருந்தது.

2018-இல் ஷாங்காய் குழு வெளியிட்ட சோதனையில் இரு தரப்புக்கும் அகார்போஸ் கொடுத்தார்கள் (அம்மாவின் வோக்லிபோஸுக்குப் பங்காளி). ஒரு தரப்புக்கு மட்டும் பலவகை நார் நிறைய. 12 வாரத்தில் எச்பிஏ1சி 7-க்குக் கீழே வந்தவர்கள் நார்த் தரப்பில் 89 சதவீதம், மறு தரப்பில் 50. 43 பேர்தான், சின்ன சோதனை. இருந்தாலும் கேப்ஸ்யூலுக்கு இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார். கறுப்புக் கொண்டைக்கடலை காய்ந்த எடையில் 30 கிராம் எடுத்தால் 7 கிராம் வரும். முழுப் பச்சைப்பயறு 30 கிராமில் 5, கொத்தவரங்காய் 100 கிராமில் கிட்டத்தட்ட 5, ஒரு டீஸ்பூன் வெந்தயத்தில் 2.

பழைய சோறு: சோறு ஆறினால் செரிக்காத மாவு கூடும், உண்மை. ஆனால் எவ்வளவு? வெள்ளைச் சோறு 100 கிராமில் சுடச்சுட 0.64 கிராம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் வைத்துச் சூடாக்கினால் 1.65. மீதி 26, 27 கிராம் மாவு அப்படியே சுகராகத்தான் ஏறும். அளவு முக்கியம்: ஒரு சின்னக் கிண்ணம், நிறைய மோர், கூடவே சுண்டல்.

தயிரைச் சூடான சோற்றில் பிசையாதீர்கள், சோறு கைபொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். மோர்க்குழம்பு கொதித்தால் அதில் உயிருள்ள கிருமி மிஞ்சாது. இட்லியும் அப்படித்தான், மாவில் இருப்பதெல்லாம் ஆவியில் போய்விடும். தயிர் வழவழவென்று நூல் விட்டால் பழைய உறையைக் கொட்டிவிட்டு வேறு உறை வாங்குங்கள். கடையில் விற்கும் இனிப்பு புரோபயாட்டிக் பானத்தை எடுப்பதற்கு முன் சர்க்கரை எத்தனை கிராம் என்று திருப்பிப் பாருங்கள்.

தென்காசிச்சாரல்:
ரொம்ப நன்றி. சுண்டல் கொடுத்தாலே வயிறு உப்புசம்னு அம்மா ஒதுக்கிடுறாங்க. அதுக்கு என்ன வழி?

மாத்திரைப்பட்டை:
வோக்லிபோஸே பாதி காரணமா இருக்கும். மாவைச் செரிக்கவிடாமல் பெருங்குடலுக்குத் தள்ளுவதுதான் அதன் வேலை. அதற்கு மேல் திடீரென்று சுண்டலும் போனால் வாயு கட்டாயம். முதல் வாரம் ஒரு மேசைக்கரண்டி, வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டுங்கள். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குழைய வேகவையுங்கள். மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு இருந்தால் அதைப் பாக்டீரியாக் கோளாறு என்று நினைத்து கேப்ஸ்யூல் தேடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் போடுவது, மெதுவாகக் கரையும் எஸ்ஆர் மாத்திரைக்கு மாறுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

குற்றாலக்குறிஞ்சி:
ரெண்டு எச்சரிக்கை. கணைய அழற்சி கடுமையாக இருக்கும்போது புரோபயாட்டிக் வேண்டாம். 2008-இல் நெதர்லாந்து சோதனையில் கொடுத்த தரப்பில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காத தரப்பில் 6. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இன்னொன்று கிளிமிபிரைடு, அது இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நார் கூடி, சோறு குறைந்தால் லோ சுகர் வரலாம். முதல் ரெண்டு வாரம் வெறும் வயிற்றிலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். சர்க்கரையும் மிட்டாயும் வேண்டாம், வோக்லிபோஸ் உள்ளே இருக்கும்போது சர்க்கரை சீக்கிரம் உடையாது. 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரை அளவை நீங்களாகக் குறைக்காமல் அந்த அளவுகளை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எச்பிஏ1சி மூணு மாசம் கழிச்சு எடுத்தால் போதும், அதற்கு முன்னால் எடுப்பது காசுக்குக் கேடு.