குடியாத்தம் பக்க நடுகல்: எந்த ராஜகேசரி?

பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். ஏரிக்கரை நடுகல், மொத்தம் ஆறு வரி. தெளிவாக வாசிக்க முடிவது 'கோவிராசகேசரிபன்மற்கு யாண்டு ௨௰௪' மட்டும், அதாவது ராஜகேசரி என்ற பட்டம் கொண்ட சோழ மன்னனின் 24ஆம் ஆட்சியாண்டு. இந்தப் பட்டம் பல சோழ மன்னர்களுக்கு உண்டு. மெய்க்கீர்த்தி (மன்னனின் புகழைச் சொல்லும் தொடக்கப் பகுதி) இல்லை. 24ஆம் ஆண்டு என்பதால், அவ்வளவு காலம் ஆளாத கண்டராதித்தனும் சுந்தர சோழனும் கழிந்துவிடுகிறார்கள். முதலாம் ராஜராஜன் வரையிலான ராஜகேசரிகளில் மிச்சம் முதலாம் ஆதித்தன் (895 வாக்கில்) அல்லது முதலாம் ராஜராஜன் (1009 வாக்கில்). ராஜராஜனின் மெய்க்கீர்த்தித் தொடக்கமான 'திருமகள் போல' இல்லாததை வைத்து ராஜராஜனைத் தள்ள முடியாது. நடுகல்லில் மெய்க்கீர்த்தியை விட்டுவிடுவது சகஜம்தான்.

இதுவரை செய்தது: தேங்காய் நார் பிரஷ்ஷால் பாசி நீக்கி மூன்று முறை மைப்படி (கல்மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்). முதல் இரண்டில் தாள் ஈரம் காயும் முன்பே மை ஒற்றியதால் பள்ளத்தில் மை இறங்கி எழுத்து அடைபட்டது. மூன்றாவது பரவாயில்லை. மாலையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போட்டோவும் எடுத்தாயிற்று. கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் வேலூர் என்று தேடினால் பாதி விட்டுப்போகும் என்பதால், பழைய வட ஆர்க்காடு தலைப்பில் குடியாத்தம், வேலூர் தாலுகா இரண்டையும் பார்த்தேன். இந்தக் கல் இல்லை.

வீரனின் கொண்டையும் வில்லும் இரண்டு காலத்துக்குமே பொருந்துகின்றன. ஆகவே எழுத்தமைதிதான் (எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பது) வழி.

தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் இந்தச் சுமார் 114 ஆண்டு இடைவெளியைப் பிரித்துக் காட்ட எந்தெந்த எழுத்துகளின் வடிவத்தை முதலில் ஒப்பிட வேண்டும்?