அறிவகம், கணினி நிலையம்: மனத்தை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (திருகோணமலை மாவட்டத்தவர்கள் எழுதுங்கள்)

மூதூர்க்கரை:
சம்பூர்ச் சனங்கள் ஊர் திரும்பிய காலம். 2006 இல் போரால் ஓடி, முகாமிலேயே பிள்ளைகளை வளர்த்தவர்கள். அப்போது மூதூர்ப் பக்கத்து அறிவகம் ஒன்றில், அரசின் கிராமக் கணினி நிலையத்தில், மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட ஒரு பையன், தட்டச்சு கைவந்ததும் முதலில் அடித்தது தாயின் காணிக் கடிதம். எல்லைக்கல் எங்கே இருந்தது, கிணற்றுக்கு எந்தப் பக்கம் பனை நின்றது, காணி உறுதி எப்போது தொலைந்தது, ஒன்றும் விடவில்லை. பென் டிரைவில் போட்டு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். அங்கே கோப்பைத் திறந்தால் பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அந்தக் கணினியில் நாங்கள் பழக்கிய பாமினி எழுத்துரு இல்லை. "தெரிந்த ஒருவரிடம் எழுதிக்கொண்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து வாசலில் நின்றபடி கேட்டான்: "மிஸ், நான் அடித்தது தமிழ் இல்லையா?"

அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவன் பிறகு வகுப்புக்கு வரவில்லை. காணி கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது.

உவர்மலையான்:
என் தங்கச்சியின் வேலை விண்ணப்பத்துக்கும் இதே கதிதான். நேர்முகத்தேர்வுக்கு அழைப்பே வரவில்லை.

ஆனால் அக்கா, இது தீராத நோய் இல்லை. பாமினியில் 'அ' என்று நமக்குத் தெரிவது கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு போனால் தமிழும் போய்விடும். ஒருங்குறியில் (யுனிகோட்) அப்படி இல்லை, எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே நிற்கும். ஒருங்குறியில் அடிக்கும் ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகைக்கு அரச தரமே இருக்கிறது, எஸ்.எல்.எஸ். 1326, 2008 இல் வந்தது. பாமினி விரல்பழக்கம் உள்ளவர்கள் அதே விசைகளில் ஒருங்குறி அடிக்கவும் இலவச மென்பொருள்கள் உண்டு. பழைய கோப்புகளை இணையத்தில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். வெளியே கொடுக்கும் எதையும் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுங்கள். இன்னும் பாமினியை மட்டும் பழக்குகிற ஆசிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் அந்தப் பிள்ளைகளின் காலத்தை வீணடிக்கிறார்கள்.

கிண்ணியாப் பிள்ளை:
உவர்மலையான், எழுத்துரு பற்றி நீங்கள் சொல்வது சரி. கதவுக்குள்ளேயே போக முடியாத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

என் ராத்தா (மூத்த சகோதரி) எங்கள் ஊர் நிலையத்தில் கணக்குப்பதிவு மென்பொருள் படித்தார். பெண் ஆசிரியை, பகல் வகுப்பு, ஆகவே வாப்பாவும் சம்மதித்தார். திடீரென்று ஒருநாள் கதவில் தாள் ஒட்டியிருந்தது: வகுப்பு பி.ப. 5 முதல் 8 வரை. பகலில் அறை வேறு வேலைக்குத் தேவையாம். யாரிடமும் கேட்கவில்லை. ராத்தா அந்தத் தாளின் மடிந்த மூலையை விரலால் நீவிவிட்டு, இரண்டாம் தடவையும் வாசித்துவிட்டு, "வா போவோம்" என்றார். அந்திநேர மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு எந்தப் பெண்பிள்ளையை அனுப்புவார்கள்? அன்றைக்குப் படிப்பை நிறுத்தியது அவர் ஒருவர் மட்டும் இல்லை, பெண்கள் வரிசை முழுவதுமே காலியாகிவிட்டது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு திருகோணமலைப் பட்டினம் பக்கம்தானே என்பார்கள். தினமும் பஸ் காசுக்கு யாரிடம் போவது?

நிலாவெளி வீதி:
எங்கள் நிலையம் கடலுக்குக் கிட்ட. உப்புக்காற்றில் மாதம் ஒரு கணினி படுத்துவிடும், திருத்த ஆள் வராது. கரைவலைக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்போடு நின்றவன், பின்வரிசையில் வந்து இருப்பான். ஒருநாள் கேட்காமலே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். நான் சத்தம் போடுவதற்குள் ரேம் பட்டையை உருவி, அதன் பொன்நிறப் பற்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தான். கறுப்புத் தூள் உதிர்ந்தது. ஊதினான், திரும்பச் செருகி அமுக்கினான், 'டக்' என்றது. சுவிட்சைப் போட்டதும் திரை வந்துவிட்டது. "யார் சொல்லித் தந்தது?" என்றேன். "எஞ்சின் பிளக்கும் இப்படித்தானே சேர், உப்புப் படிந்தால் தேய்க்க வேண்டும்" என்றான்.

அவனுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க எங்களிடம் வழி இருக்கவில்லை. பாடநெறிக்குச் சாதாரண தரம் கேட்டார்கள்.

ஆலங்கேணி:
நிலாவெளி வீதி, வழி இருந்தது, இப்போதும் இருக்கிறது. அரசின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழில் (என்.வி.கியூ.) ஏழு மட்டங்கள். கீழ் மட்டங்களுக்கு வகுப்பில் இருந்துதான் வர வேண்டும் என்றில்லை. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று ஒரு முறை உண்டு. வேலை செய்து பழகியவர் மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டித் தகைமை பெறலாம். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையில் கேளுங்கள். செய்த வேலைகளின் படம், வேலை கொடுத்தவரின் கடிதம் எல்லாவற்றையும் அந்தத் தம்பி இன்றிலிருந்தே சேர்த்து வைக்கட்டும். கடை ஒன்றில் உதவியாளாக நின்றாலும் திகதியோடு கடிதம் வாங்கச் சொல்லுங்கள். எங்கள் மச்சான் இப்படித்தான் மின்னிணைப்பாளர் தகைமை எடுத்தார்.

இன்னொன்று. அறிவகத்தால் ஒரு பயனும் இல்லை என்று வேறோர் இடத்தில் ஒருவர் எழுதியிருந்தார். 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்து இலட்சம் டொலர் விருதை இந்தத் திட்டத்துக்குத்தான் கொடுத்தது. சும்மா கொடுப்பார்களா?

கிண்ணியாப் பிள்ளை:
ஆலங்கேணி, விருது கொழும்புக்கு வந்தது. எங்கள் நிலையத்துக்கு மின்கட்டணச் சிவப்பு அறிவித்தல் வந்தது. பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ராத்தா இன்றும் கடைக் கணக்கைக் கணினியில்தான் வைக்கிறார், அந்த அரைகுறை வகுப்பில் கற்றதை வைத்து. முழுவதும் படித்திருந்தால் என்றுதான் எனக்கு எரிகிறது.

நிலாவெளி வீதி, அந்தப் பையனின் மதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வேண்டி வந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். பட்டினத்தில் பகல் நேரம் பெண்களுக்கு வகுப்பு நடக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். ராத்தாவின் மகளுக்கு இப்போது பதினாறு வயது.