ஆண்டு மலர்: முகுந்த் பக்கத்தில் ஒரு திருத்தம்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு மலரின் மெய்ப்புப் படியில், மேஜர் முகுந்த் வரதராஜன் படத்தின் கீழே ‘பரம்வீர் சக்ரா பெற்றவர்’ என்று இருக்கிறது. அவருக்கு அவரது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது அசோக் சக்ரா. பலரும் செய்யும் பிழைதான் என்றாலும், அச்சில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது.

1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லுபடியாகும் என்று அறிவிக்கப்பட்ட பரம்வீர் சக்ரா, நிலத்திலோ கடலிலோ வானிலோ பகைவர் முன்னிலையில் காட்டிய உச்ச வீரத்துக்கு உரியது. அவ்வகையில் அடங்காத வீரத்துக்கு அசோக் சக்ரா. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த மோதலில் முகுந்த் உயிர்நீத்தார். உள்நாட்டு நடவடிக்கை என்பதால் அது இரண்டாம் வகையில் சேர்ந்தது. பாய்கிற குண்டுக்கு இந்தப் பாகுபாடு தெரியுமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பகைவர் என்றால் வேற்று நாட்டின் படையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1961இல் காங்கோவில் ஐ.நா. படையில் இருந்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவும், 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணப் பகுதியில் வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் பரம்வீர் சக்ரா பெற்றவர்களே. மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும், எதிரே நின்றவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டு வீழ்த்திய பரமேஸ்வரன், மூச்சு அடங்கும்வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், தமிழ் பேசும் மண்ணில், தமிழ்ப் போராளிகளோடு பொருதி மாண்டது நம்மில் பலருக்கு ஆறாத செய்தி. அதனால்தானோ என்னவோ, அவர் பெயரை நாம் அதிகம் சொல்வதில்லை.

இதுவரை 21 பேர் பரம்வீர் சக்ரா பெற்றிருக்கிறார்கள். அவர்களில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின்னரே வந்தது.

மலரில் பதக்கத்தின் படமும் மாறியிருக்கிறது. நடுவில் அரசு முத்திரையும் சுற்றிலும் இந்திரனின் வஜ்ராயுதம் நான்கும் கொண்ட வெண்கல வட்டம், ஊதா நாடா என்று இப்போது அச்சாகியிருப்பது பரம்வீர் சக்ரா. அதை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர்; பெயரைக் கேட்டால் தோன்றாது, அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவருடைய மகளின் கணவருக்கு அண்ணனான மேஜர் சோம்நாத் சர்மாதான் அதை முதலில் பெற்றவர். அசோக் சக்ராவின் நாடாவோ கரும்பச்சை, நடுவே ஒரு காவிக்கோடு. மலர்க் குழுவினர் அந்தப் படத்தையும் மாற்றிவிட்டு அச்சகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.