700டி-ல இருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினா போடுற காசுக்கு பலன் இருக்குமா? ஹாலுக்குள்ள எடுக்கிற போட்டோ எல்லாம் கலங்கலா வருது

நிலாமுற்றம்:
வணக்கம் மக்களே. என்கிட்ட கேனான் 700டி இருக்கு, வாங்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கூடவே வந்த 18-55 லென்ஸ், அப்புறம் 55-250 எஸ்டிஎம், ஒரு 50 எஃப் 1.8, இந்தக் கடைசி லென்ஸை வாங்கி நாலு தடவை மாட்டியிருந்தா அதிகம். பொண்ணு இப்ப பேட்மிண்டன் ஆடுறா, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 55-250-ஐத் தூக்கிட்டுப் போறேன், வெளியில வெயில்ல எடுத்தா அவ்ளோ அழகா வர்ற அதே கேமரா ஹாலுக்குள்ள போனதும் எல்லாமே கலங்கல், கையும் ராக்கெட்டும் ஒரே கோடா இழுத்துக்கிட்டு நிக்குது, போதாக்குறைக்கு மணல் தூவின மாதிரி நாய்ஸ் வேற.

கடையில கேட்டா பழைய சென்சார் இனி அவ்ளோதான், ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) போயிடுங்கன்னு சொல்றாங்க. இருக்கிறதை எல்லாம் வித்துட்டு கேனானோட ஃபுல் ஃப்ரேம் ஆர்8 பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) ஆர்எஃப் 100-400 லென்ஸும் வாங்கலாம்னு யோசனை. சேத்து வச்சதுல பெரும்பகுதி போயிடும், அதான் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்.

ஷட்டர்சத்தம்:
பாடி பத்தி பேசுறதுக்கு முன்னாடி, கலங்கலா வந்த ஒரு போட்டோவை எடுத்து அதுல எஃப் நம்பர் (லென்ஸ் எவ்ளோ திறந்திருக்குங்கிறது, எண் சின்னதானா வெளிச்சம் கூட), ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூணும் என்னன்னு பாத்து போடுங்க சகோ.

நிலாமுற்றம்:
250-ல எஃப் 5.6, 1/125, ஐஎஸ்ஓ 6400. ஸ்டெபிலைசேஷன் ஆன்ல தான் இருந்துச்சு, செக் பண்ணிட்டேன்.

ஷட்டர்சத்தம்:
விஷயம் அந்த 1/125-ல தான் இருக்கு. ஸ்மாஷ் அடிக்கிற கையை நிறுத்திப் பிடிக்க குறைஞ்சது 1/500, நல்லா வேணும்னா 1/1000 வேணும். ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆட்டத்தைத் தான் சரி பண்ணும், ஆடுற குழந்தையோட அசைவை அதால ஒண்ணும் பண்ண முடியாது. அதனால இது சென்சார் பழசானதால வந்த கலங்கல் இல்ல, வெளிச்சம் பத்தாம ஷட்டர் மெதுவாப் போனதால வந்தது.

இப்ப நீங்க நினைச்சிருக்கிற செட்டுக்கு கணக்குப் போட்டுப் பாப்போம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட பரப்பு உங்க 700டி-ல இருக்கிற சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரை விட சுமார் 2.6 மடங்கு, அதாவது வெளிச்சத்துல கிட்டத்தட்ட 1.4 ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). ஆனா உங்க 250 எம்எம் ஏபிஎஸ்-சி-ல காட்டுற காட்சி ஃபுல் ஃப்ரேம்ல 400 எம்எம்-க்கு சமம், ஆர்எஃப் 100-400 அந்த 400-ல எஃப் 8 தான். எஃப் 5.6-ல இருந்து 8-க்கு போனா முழுசா ஒரு ஸ்டாப் நஷ்டம். ஆக அவ்வளவு காசு போட்டு கடைசியில கையில நிக்கிறது அரை ஸ்டாப்புக்கும் கீழ. புது சென்சார் நாய்ஸ்ல கொஞ்சம் சுத்தமா இருக்கும், இல்லன்னு சொல்லல, ஆனா அந்த ராக்கெட் கோடு அப்படியே தான் நிக்கும்.

வீட்ல சும்மா கிடக்கிற 50-ஐ மாட்டுங்க. எஃப் 5.6-ல இருந்து எஃப் 2-க்கு வந்தா 3 ஸ்டாப், எட்டு மடங்கு வெளிச்சம். அதே ஹால்ல அதே 6400-ல 1/1000 கிடைக்கும், 1/500 போதும்னா ஐஎஸ்ஓ 3200-க்கே இறக்கலாம். காசு செலவில்லாம அடுத்த மேட்ச்லயே சோதிச்சுப் பாத்துடலாமே. மேனுவல் மோட், ஏஐ சர்வோ (ஆளு நகர நகர ஃபோகஸ் துரத்துறது), ரா ஃபைல் (பின்னாடி திருத்த வசதியான மூல ஃபைல்), ஃபோகஸ் புள்ளி நடுவுல இருக்கிற ஒண்ணை மட்டும் வைங்க, 700டி-ல 9 புள்ளி இருந்தாலும் எஃப் 2.8-ம் அதை விட வெளிச்சமான லென்ஸும் மாட்டும்போது கூடுதல் துல்லியமா வேலை செய்றது அந்த நடுப்புள்ளி தான்.

தூரப்பார்வை:
மேல சொன்ன கணக்கு சரி தான், ஆனா மிரர்லெஸ்ல ஃபோகஸ் விஷயத்துல கிடைக்கிற வித்தியாசம் நிஜம்ங்க, அதைக் குறைச்சுச் சொல்லாதீங்க. முகத்தையும் கண்ணையும் அதுவே பிடிச்சு விடாம துரத்தும், எங்க பையன் ஓடுற போட்டோல தேறுறது எனக்கு அப்படியே கூடிப்போச்சு. அப்படி மாறணும்னா ஃபுல் ஃப்ரேம் எதுக்கு, ஆர்10 மாதிரி ஏபிஎஸ்-சி பாடி பாருங்க. அடாப்டர் போட்டா உங்க மூணு லென்ஸும் ஆட்டோ ஃபோகஸோட அப்படியே ஓடும். ஆர்8-ல 18-55, 55-250 ரெண்டும் இஎஃப்-எஸ் லென்ஸுங்கிறதால (ஏபிஎஸ்-சி சென்சாருக்குன்னே செஞ்சது) படத்தை நடுவுல வெட்டித் தான் தரும், 24 மெகாபிக்சல் கொடுத்து வாங்கி சுமார் 9 தான் கிடைக்கும். எனக்கு இதை வாங்கும்போது யாரும் சொல்லல, வீட்டுக்கு வந்து பழைய லென்ஸை மாட்டின அப்புறம் தான் தெரிஞ்சுது.

அப்புறம் பாடி விலையோட செலவு நிக்காது. உங்க பழைய பேட்டரி புதுசுல சேராது, அடாப்டர் தனி, மேல வேகமான கார்டு, பழைய சாஃப்ட்வேர் புது பாடி தர்ற சிஆர்3 ரா ஃபைலைத் திறக்காது, அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் போட்டா கம்ப்யூட்டர் திணறும். இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கூட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

நிலாமுற்றம்:
ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், மேட்ச் இப்ப தான் நடந்துச்சு. 50-ஐ மாட்டி எஃப் 2, 1/800, 6400 வச்சு எடுத்தேன். என்னால நம்பவே முடியல. ஒரு போட்டோல காக் ராக்கெட் வலையில பட்டு நிக்குது, இறகு தனித்தனியா தெரியுது, அவ நெத்தியில ஒட்டின முடி கூட எண்ணலாம் போல இருக்கு. அதே கேமரா தான்!

ஆனா ரெண்டு பிரச்சனை. கோர்ட்டுக்குப் பின்னாடி மூலையில நின்னு எடுத்தேன், அவ எதிர்ப்பக்கம் போனா ரொம்ப சின்னதா இருக்கா. ரெண்டாவது, வரிசையா எடுத்தா ஒரு போட்டோ வெளிச்சமா, அடுத்தது இருட்டடிச்சு மஞ்சளா வருது, செட்டிங் எதையும் நான் தொடவே இல்ல. கேமரா போயிடுச்சா?

ஷட்டர்சத்தம்:
கேட்கவே சந்தோஷமா இருக்கு. கேமரா நல்லாத்தான் இருக்கு, அது ஹால் லைட்டோட துடிப்பு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்னா பல லைட்டு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும், கண்ணுக்குத் தெரியாது, 1/800-ல ஷட்டர் அதுல ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறதால ஒண்ணு பளிச்னும் ஒண்ணு மங்கலாவும் விழும். அந்தத் துடிப்பைப் பாத்து ஷட்டரைத் தட்டுற வசதி புது பாடிங்கள்ல இருக்கு, 700டி-ல கிடையாது, இந்த ஒரு விஷயத்துல பாடி மாத்துறதுக்கு அர்த்தம் இருக்கு. இப்போதைக்கு ஒவ்வொரு அடிக்கும் மூணு நாலு ஷாட் சேர்ந்தாப்ல எடுங்க, ரா-ல கொஞ்சம் சரி பண்ணிக்கலாம்.

தூரத்துக்கு 85 எஃப் 1.8 யூஎஸ்எம் செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க. 10 மீட்டர் தள்ளி நின்னா 50-ல படுக்கைவாட்டுல சுமார் நாலரை மீட்டர் அகலம் விழும், 85-ல 2.6 மீட்டர் தான், எதிர்ப்பக்கம் போனாலும் ஆளு நல்லா நிறைஞ்சு நிப்பா. 1992-ல வந்த லென்ஸ், பழசுன்னு யோசிக்காதீங்க, இது ஃபுல் ஃப்ரேமுக்கும் சேர்ற இஎஃப், பின்னாடி ஆர்10 வாங்கினாலும் ஆர்8 வாங்கினாலும் அடாப்டர்ல வெட்டு இல்லாம முழுசா ஓடும். இப்ப போடுற காசு அப்பவும் கூட வரும்.

தூரப்பார்வை:
இதை நானும் ஒத்துக்கிறேன். முதல்ல லென்ஸ், பாடி அடுத்த வருஷம் பாத்துக்கலாம். 700டி-யை விக்காதீங்க, அந்த வயசு பாடிக்கு பெருசா ஒண்ணும் தர மாட்டாங்க, கையிலயே இருக்கட்டும்.

நிலாமுற்றம்:
ஒரு 85 கிடைச்சிருக்கு, நாளைக்கு நேர்ல பாக்கப் போறேன். உள்ளே லேசா தூசி இருக்குன்னு விக்கிறவரே சொன்னார், வாங்கலாமா?

ஷட்டர்சத்தம்:
தூசி ரெண்டு மூணு இருந்தா படத்துல தெரியவே தெரியாது. லென்ஸைத் தனியா கழட்டி, பின்பக்கம் இருந்து டார்ச் அடிச்சு முன்பக்கம் வழியா சாய்ச்சு சாய்ச்சுப் பாருங்க, சிலந்திவலை மாதிரி நூல் நூலா கிளை விட்டிருந்தா அது பூஞ்சை, எவ்வளவு குறைச்சுத் தந்தாலும் வேணாம். அப்புறம் 700டி-யைக் கையோட எடுத்துட்டுப் போய் மாட்டி, எஃப் 1.8-ல அவர் சட்டைப் பட்டனை வியூஃபைண்டர் வழியா நடுப்புள்ளியில ஒரு ஷாட், லைவ் வியூல (பின்பக்கத் திரையைப் பாத்து) ஒரு ஷாட் எடுங்க. ரெண்டையும் பெருசாக்கிப் பாத்து ரெண்டும் ஒரே கூர்மையா இருந்தா வாங்கிடுங்க. நடுப்புள்ளி ஷாட் மட்டும் முன்ன பின்ன விழுந்திருந்தா வேற லென்ஸ் தேடுங்க, ஏன்னா அதைத் திருத்துற மெனு 700டி-ல இல்ல.