அழுக்குத் தண்ணில வளர்ற செடி, உங்க அனுபவம் சொல்லுங்க

சாயத்தண்ணி: திருப்பூர்த் தண்ணி வந்து சேர்ற ஒரத்துப்பாளையம் டேம் பக்கம் அம்மிச்சி (அம்மாவப் பெத்தவங்க) ஊருங்க. 2011ல கோர்ட்டு சாயப்பட்டறைங்கள மூடச் சொல்றதுக்கு முந்தி. நொய்யல் ஆத்துல சாயக்கழிவு எப்பிடி ஓடுச்சுன்னு தெரியுமில்ல, வாய்க்கா பூரா ஆகாயத்தாமர, அம்மிச்சி அத இழுத்துப் போட்டு மக்க வெச்சு கத்திரிக்கு உரமாப் போடும். ஒருநா நானும் ஒரு கொத்து இழுத்தேன், எல பச்சப்பசேல்னு, வேரு கருநீலமா சடை மாதிரி தொங்குது, கையெல்லாம் நீலம். சோப்பு போட்டும் ரெண்டு நாளு போகல. அந்தக் கத்திரிக்காயத்தான் லீவுக்கு லீவு தின்னோம்.

கல்லுக்கால்வா: எங்க கெணத்துலயும் அது வேரு கருநீலந்தான் பாஸ், அதோட இயற்கையான கலரே அது. சும்மா பீதியக் கெளப்பாதீங்க. நொய்யல்ல பெரிய பிரச்சன உப்பு, ஆகாயத்தாமரைக்கு உப்பு ஜாஸ்தியானா ஆகாது. ஆனா குரோமியம், ஈயம், காட்மியம் எல்லாம் வேர்ல இழுத்து வெச்சுக்கும், அழிக்காது. மக்க வெச்சா திரும்ப மண்ணுக்குத்தான் போகும், அந்த ஒண்ணு மட்டும் நீங்க பயப்படறது சரி.

பாலாத்துக்காரன்: ராணிப்பேட்டை பக்கம் குரோமியக் கழிவு கொட்டி வெச்ச எடம் ஒண்ணு. மழ விட்டு போனேன், குட்டையில தண்ணி மஞ்சத்தண்ணி ஊத்துற மாதிரி அப்பிடி ஒரு மஞ்சள். சுத்தி புல்லு இல்ல, சீமக்கருவேலம் மட்டும் ஜம்முனு நிக்குது. ஒரு அம்மா தொரட்டியால காய உலுக்கி ஆட்டுக்குப் போடுது. இங்கயாம்மான்னேன். “வேற எங்க காய் இருக்கு சொல்லு, ஓட்டிக்கினு போறேன்”னுச்சு. பதில் சொல்லத் தெரியல.

மாடித்தோட்டம்77: நாங்க பாத்ரூம் தண்ணிய ஜல்லித் தொட்டில விட்டு அதுல கல்வாழ வெச்சிருக்கோம், ஆறு மாசத்துல நாத்தம் போச்சு, எங்கம்மா வெளிய வர்ற தண்ணிய கையில ஏந்தி மோந்து பாத்துட்டு என்னையே பாத்தாங்க. வைக்கிறவங்க கவனிங்க, கீழ பெரிய ஜல்லி, மேல சின்ன ஜல்லி, தண்ணி எப்பவும் ஜல்லி மேல்மட்டத்துக்கு ரெண்டு மூணு இஞ்ச் கீழயே நிக்கணும், மேல தெரிஞ்சா கொசுதான். கிச்சன் தண்ணிய நேரா விடாதீங்க, எண்ண அடச்சிரும், முன்னாடி ஒரு சின்ன தொட்டி கட்டி எண்ணய மிதக்க விட்டு அள்ளிருங்க. பாதி வேலய செய்யறது செடியே இல்ல, வேர்லயும் ஜல்லிலயும் ஒட்டியிருக்க பாக்டீரியா. பழைய தண்ட அப்பப்ப வெட்டணும். இந்தத் தண்ணிய கீரைக்கு விடாதீங்க, தென்னைக்கு விடுங்க. வெட்டிவேரும் சேத்து நடலாம்.

கல்லுக்கால்வா: யாரும் கேக்கல 77 😄

ஜன்னலோரம்: பெயிண்ட் அடிச்ச ரூம்ல ஸ்னேக் பிளான்ட் நாலு தொட்டி வெச்சேன், தலவலி அப்பிடியே இருந்துச்சு. செடி காத்த சுத்தம் பண்ணும்னு நாசா 1989ல டெஸ்ட் பண்ணது மூடி வெச்ச பெட்டிக்குள்ள, நம்ம வீடு பெட்டியா? ஜன்னலத் தொறந்தேன், சரியாப் போச்சு.

சாயத்தண்ணி: கல்லுக்கால்வா, நேத்து அம்மிச்சிகிட்ட போன்ல கேட்டேங்க. “வேரு எப்பவும் கருப்புதான் கண்ணு. ஆனா நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல இழுத்தா கையில ஒட்டாது”ங்குது.