ட்ராப் செக்கர் பச்சை நிறத்தில் இருந்தும் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன: கரியமில வாயு அளவில் எங்கே தவறுகிறேன்?

கேள்வி – வேளச்சேரி செடித்தொட்டி

அனைவருக்கும் வணக்கம். மூன்றடி நீளமும் ஏறத்தாழ 160 லிட்டர் கொள்ளளவும் உள்ள செடித்தொட்டி (நீர்ச்செடிகள் வளர்க்கும் மீன்தொட்டி) ஒன்றை ஐந்து மாதங்களாகப் பராமரித்து வருகிறேன். தரையில் மான்டி கார்லோவும் பின்புறம் ரோட்டாலாவும் வளர்கின்றன. மீன்கள் என்றால் 20 ரம்மிநோஸ் டெட்ராக்கள் மட்டுமே. செடிகளுக்காகச் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர், சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), வாயுவை நுண்குமிழ்களாக்கும் கண்ணாடி டிஃப்யூசர் வழியாகக் கரியமில வாயு செல்கிறது. காலை 8 மணிக்கு வாயு திறக்கும். 10 மணிக்கு விளக்கு எரியும். மாலை 6 மணிக்கு இரண்டும் நின்றுவிடும்.

செடிகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நண்பகலுக்குள் மான்டி கார்லோ இலைகளில் ஆக்சிஜன் முத்து முத்தாகத் திரண்டு மேலெழுகிறது. ஆனால் பிற்பகல் 3 மணியானால் டெட்ராக்கள் அத்தனையும் நீர்மட்டத்தை ஒட்டி நின்று, செவுள்கள் படபடக்க வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தலையின் சிவப்பு நிறமும் வெளிறிப்போகிறது. சென்ற வாரம் இரண்டு மீன்கள் இறந்துவிட்டன. அவற்றை வலையில் எடுத்தபோது பட்ட வேதனையால்தான் இதை எழுதுகிறேன்.

நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6.6க்கு வந்துவிட்டால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வாயு கரைந்திருக்கிறது என்று படித்தேன். பி.எச். பேனாவால் அளந்துகொண்டே குமிழ்களைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வினாடிக்கு ஐந்து குமிழ் வரை கொண்டுபோய், 6.6ஐ எட்டினேன். தொட்டி நீரையே ஊற்றி, புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டிச் சாயம் சில சொட்டுகள் சேர்த்துவைத்த ட்ராப் செக்கரும் (கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்ட தொட்டிக்குள் பொருத்தும் சிறு கண்ணாடிக் குப்பி) பச்சை நிறத்தையே காட்டுகிறது. எங்கள் வீட்டில் ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான், கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) 12. இரண்டு அளவைகளும் சரி என்று சொல்லும்போது மீன்கள் ஏன் தவிக்கின்றன?

பதில் 1 – சிறுவாணிக் கரை

நண்பரே, முதலில் குமிழைப் பாதியாகக் குறைத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். மீன்கள் தவிப்பதைப் பார்க்கும்போது வாயுவை முழுவதும் நிறுத்தி, ஃபில்டரின் வாயை மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பைக் கலக்கிவிடுங்கள். காற்றுக் கல் இருந்தால் அதையும் போடுங்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கரைந்த கரியமில வாயுவைக் கணக்கிட, கே.எச். அளவை 3ஆல் பெருக்கி, 7இலிருந்து பி.எச்.ஐக் கழித்து வரும் எண்ணைப் 10இன் அடுக்காக வைத்து அதனாலும் பெருக்க வேண்டும். கே.எச். 4 உள்ள நீரில் பி.எச். 6.6 என்றால் 30 மில்லிகிராம் வருகிறது. நீங்கள் படித்தது அந்த நீருக்கான கணக்கு. அதே 6.6ஐ உங்கள் 12க்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 90 மில்லிகிராம். உங்கள் டெட்ராக்களுக்கு அது தாங்காது. எங்கள் வீட்டுச் சிறுவாணி நீரில் கே.எச். 2தான் இருக்கிறது, அங்கே 30 மில்லிகிராமுக்கு பி.எச். 6.3 வரை இறங்க வேண்டும். உங்கள் நீரில் 7.1லேயே அந்த அளவு வந்துவிடும். ஆகவே எல்லா நீருக்கும் பொருந்தும் பி.எச். என்று ஒன்று கிடையாது.

ட்ராப் செக்கர் ஏன் பொய் சொன்னது என்பதையும் விளக்கிவிடுகிறேன். அந்த நீலச் சாயத்துக்குக் கரியமில வாயு தெரியாது, பி.எச். மட்டுமே தெரியும். கே.எச். சரியாக 4 உள்ள தூய நீர் உள்ளே இருந்தால்தான் பச்சைக்கு 30 மில்லிகிராம் என்று பொருள். நீங்கள் கே.எச். 12 உள்ள தொட்டி நீரை ஊற்றியதால், பி.எச். பேனா சொன்னதையே அது மறுபடியும் சொல்லியிருக்கிறது. உங்களிடம் இருந்தவை இரண்டு அளவைகள் அல்ல, ஒரே அளவைதான்.

அந்தக் கரைசலை வீட்டிலேயே தயாரிக்கலாம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1.2 கிராம் சமையல் சோடாவைக் கரைத்தால் கே.எச். 40 கிடைக்கும், அதில் 100 மில்லி எடுத்து, மேலும் 900 மில்லி காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 4 ஆகிவிடும். ஆர்.ஓ. நீரை ஊற்றாதீர்கள், அதில் கொஞ்சம் உப்பு தங்கியிருக்கும். தொட்டியில் ஏற்படும் மாற்றம் ட்ராப் செக்கரின் நிறத்தில் தெரிவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செடிகள் ஆக்சிஜனை முத்து முத்தாக விடும் நேரத்தில் மீன்கள் மூச்சுக்குத் திணறுவது உங்களுக்குப் புதிராக இருந்திருக்கும். மீனின் இரத்தத்திலுள்ள கரியமில வாயு செவுள் வழியே நீருக்குள் வெளியேற வேண்டும். வெளிநீரிலேயே அது மிகுந்திருந்தால் வெளியேற வழியின்றி இரத்தம் அமிலமாகிறது. அப்போது இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனும் குறைகிறது. நீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தாலும் அந்த மீனுக்குப் பயன்படுவதில்லை.

பதில் 2 – மலைக்கோட்டை நீர்த்தோட்டம்

மேலே சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு டம்ளர் தொட்டி நீரை எடுத்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துவிட்டு, அவ்வப்போது கலக்கி, மறுநாள் பி.எச். பாருங்கள். கரைந்திருந்த வாயு பெரும்பாலும் போய்விட்டிருக்கும். அந்த எண்ணிலிருந்து 1 அல்லது 1.2 குறைந்த இடம்தான் உங்கள் தொட்டிக்கு உரிய இலக்கு.

உங்கள் நேர அட்டவணையிலும் ஒன்றை மாற்றலாம். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, அதாவது 5 மணிக்கே, வாயுவை நிறுத்திவிடுங்கள். இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. அந்த நேரத்தில் நாமும் சேர்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எனக்கு நேர்ந்த ஓர் இழப்பைச் சொல்கிறேன். சோலனாய்டை மின்சாரத்தில் சுழலும் சக்கர டைமரிலும், விளக்கைப் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரிலும் மாட்டியிருந்தேன். மின்வெட்டு வரும்போதெல்லாம் சக்கரம் நின்று பின்தங்கிவிடும். ஒரு கோடைக்காலத்தில் அது மூன்று மணி நேரம் பின்தங்கியதை நான் கவனிக்கவில்லை. விளக்கணைந்த பிறகும் வாயு போய்க்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது கோரிடோராக்கள் (தரையில் மேயும் சிறு கெளுத்தி மீன்கள்) ஐந்தும் தொட்டியின் தரையில் சாய்ந்து கிடந்தன. அன்றிலிருந்து விளக்கையும் வாயுவையும் தனித்தனி டிஜிட்டல் டைமர்களில் வைத்து, ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பார்த்துவிடுகிறேன்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும். 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு திரவமாகவே நிற்காது, அழுத்தமும் ஏறும். ஆகவே சென்னை மே மாதத்தில் வெயில் விழும் சன்னலோரத்தில் அதற்கு இடமில்லை. திரவம் தீர்ந்து சிலிண்டர் முடியப்போகும் நாட்களில், அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றை நிலை ரெகுலேட்டராக இருந்தால் குமிழ் வேகம் தானாகவே கூடிவிடுவதும் உண்டு. அழுத்தமானி இறங்கத் தொடங்கியதும் விழிப்பாக இருங்கள்.

பதில் 3 – வேம்பனூர்க் குளத்தோரம்

இருவரும் சொன்னவை சரியே, ஆனாலும் 30 என்ற எண்ணை இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. செடிகளுக்கு எவ்வளவு கரியமில வாயு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது விளக்கின் வலிமை. விளக்கைச் சற்றுக் குறைத்து 20 மில்லிகிராமில் நிறுத்தினாலும் ரோட்டாலா நன்றாகவே வளரும். நிறம் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். பாசி பிடிப்பதற்கும் பெரும்பாலும் வாயுவின் குறைவைவிட அது நாளுக்கு நாள் ஏறி இறங்குவதே காரணமாகிறது. இலை ஓரங்களில் கரும்பாசி தலைகாட்டினால் குமிழைக் கூட்டுவதற்கு முன்பு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு போகிறதா என்று பாருங்கள்.

நீர்ப்பரப்பு அசைந்தால் வாயு வீணாகும் என்று பலர் ஃபில்டரின் வாயை ஆழத்தில் அமிழ்த்தி வைக்கிறார்கள். நான் நேர்மாறாகச் செய்கிறேன். மேற்பரப்பு மெல்லச் சிற்றலை எழுப்பும்படி வைத்து, அதில் போகும் வாயுவுக்கு ஈடாகக் குமிழைச் சிறிது கூட்டிவிடுகிறேன். வாயு சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் அளவு ஒரு மட்டத்தில் நின்றுவிடும், இரவில் ஆக்சிஜனும் குறையாது. வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்சிஜன் கரைவது குறைகிறது. 30 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் நிற்கும். நம் ஊர்க் கோடையில் இந்தச் சிற்றலை மிகவும் அவசியம்.

கேள்வியாளர் – வேளச்சேரி செடித்தொட்டி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திறந்து வைத்த டம்ளர் நீர் மறுநாள் 8.3 காட்டியது. அங்கிருந்து 6.6 வரை 1.7 இறக்கியிருக்கிறேன் என்பதை எழுதிப் பார்த்தபோதுதான் மீன்களுக்கு என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருந்த, சீல் பிரிக்காத காய்ச்சி வடித்த நீரிலும், தெரிந்த நகைக்கடைக்காரரிடம் நிறுத்து வாங்கிய சமையல் சோடாவிலும் கரைசல் செய்தேன். அதை ஊற்றிய இரண்டு மணி நேரத்தில், இத்தனை நாள் பச்சையாக இருந்த ட்ராப் செக்கர் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறியது. ஒரு நாளைக்கு ஒரு சிறு திருப்பம் என்று நான்கு நாட்களாக, குமிழ் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நீடில் வால்வைக் குறைத்து, இப்போது வினாடிக்கு இரண்டு குமிழ், பிற்பகலில் பி.எச். 7.2, செக்கரில் பச்சை. ஃபில்டரின் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்திவிட்டேன். விளக்கையும் ஒரு படி குறைத்திருக்கிறேன்.

மான்டி கார்லோவில் முத்துகள் குறைந்திருக்கின்றன, வலது மூலையில் மட்டும் 4 மணிக்கு மேல் எழுகின்றன. மீதமுள்ள 18 டெட்ராக்களும் தொட்டியின் நடுவில் ஒரே கூட்டமாகத் திரிகின்றன. தலையில் சிவப்பு திரும்பிவிட்டது.